முதலில் கேட்ட ஒலி

அக்காவின் கணவர் இறந்தபோது, அவரோடு இணைத்திருந்த சுவாசக் கருவியை அணைத்தது தம்பியின் கைதான்.

செய்தி கேட்டு அவர் கீழிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது, மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தலைமைச் செவிலியர், விடாது அமுக்கிக்கொண்டிருந்த காற்றுப் பையைக் கழற்றிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். நோயாளியிடமிருந்து முன்பே பிரிக்கப்பட்டுவிட்ட கருவியோ, இணைப்பு விட்டுப்போயிற்று என்பதை யாரேனும் கவனிக்கும்வரை ஓயமாட்டேன் என்பதுபோலக் கூவிக்கொண்டேயிருந்தது. கதவுக்கு வெளியே நடைவழிப் பெஞ்சில் அக்கா இருக்கிறாள். இந்தக் கூவல் அவள் காதில் விழுகிறது. அந்நேரத்தில் தம்பியின் மனத்தில் இருந்தது இது ஒன்றே. அவருடைய விரல் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. பின்புறத்து விசையைத் தேடிச் சென்று, பச்சை விளக்கு மங்கி மறையும்வரை அழுத்திப் பிடித்தது. அதே கை குழாய்களைக் கழற்றிச் சுருட்டியது. முகப்பைத் துணியால் துடைத்தது. சக்கரங்களின் பூட்டை விடுவித்துக் கருவியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தியது. இவையெல்லாம் முடிந்த பின்னரே அவர் கட்டிலின் பக்கம் திரும்பி அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

அம்மருத்துவமனையின் கருவிகளைப் பேணிப் பழுதுபார்ப்பது அவர் தொழில். மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர்வரை எல்லாரும் அவரை ‘மெஷின்காரர்’ என்றே அழைத்தனர். அத்தான் மட்டும் ‘மாப்ளே’ என்பார். “உன் தம்பிக்கு மெஷின்தான் முதல் பொண்டாட்டி. வீட்ல இருக்கறது ரெண்டாவது” என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், இருமல் மூச்சிரைப்பாகும், நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். நுரையீரல் நோய் அவரைப் படுத்துறங்க விடாமற் செய்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்த அன்று, புதிதாக வந்த கருவியொன்று ஆயத்தமாகவே நின்றது. அதை ஒதுக்கிவிட்டுப் பழைய கருவியொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மெஷின்காரரே. புதியவற்றில் எக்குறை நேர்ந்தாலும் ஒரே மணியோசைதான். இன்னது என்று அறியத் திரையைப் பார்த்தாக வேண்டும். பழையதிலோ ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு குரல் உண்டு. மேலும், அதன் உள்ளுறுப்புகளில் அவர் கைபடாதது எதுவுமில்லை.

“இது சிங்கம்க்கா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் வச்சிருக்கு, மனுஷன் மாதிரி. இருமினாக்கூடக் கத்தும். கத்துதேன்னு நீ பதறிக்கிட்டு ஓடாதே” என்று அன்று அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

துக்கம் கழிந்து அவர் பணிக்குத் திரும்பினார். பணிமனை கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைப் பிரிவை ஒட்டி இருந்தது. துணி துவைக்கும் பெரும்பொறிகளின் அதிர்வில் மேசைமேல் இருக்கும் திருகாணிகள் எந்நேரமும் மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். அவரோடு பணியாற்றியவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வழங்கிற்று. வேலை நேரம் முழுவதும் அவர் வாய் ஓயாததே காரணம்.

“வாப்பா. உன் நாற்காலியை யாரும் தொடல. தொட்டா விழுந்துருவோம், அதுக்கு மூணு கால்தானே” என்றார் ரேடியோ. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கணும். கேக்காம இருக்கலாம்னுதான் பாத்தேன்.”

“கேளு.”

“அந்த மெஷினை நான்தான் கீழ கொண்டுவந்தேன். திறந்து பாத்தா, அலாரம் வர்ற பக்கம் வெறுமையா இருக்கு. பொறந்த குழந்தை மாதிரி முழிக்குது. எந்தப் புண்ணியவான் அணைச்சான்?”

“நான்தான்.”

ரேடியோ வாயடைத்துப் போனதை அவ்வறை அதற்குமுன் கண்டதில்லை.

இருவர் கண்களும் சுவரை நோக்கின. அங்கே, ‘மரணம் நேர்ந்த கட்டிலின் கருவியை அணைக்கக் கூடாது, ஓடும் நிலையிலேயே கீழே கொண்டுவருக’ என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. கையெழுத்து மெஷின்காரருடையது. எந்த நேரத்தில் எந்த அபாய ஒலி எழுந்தது, எதன்பின் எது வந்தது என்பவற்றை அப்பழைய கருவி தன்னுள் வரிசையாக வைத்திருக்கும். அணைத்த மாத்திரத்தில் அவ்வளவையும் மறந்துவிடும். அந்த மறதிக்காகத்தான் அவர் அவ்விதியை எழுதினார். மேல்மாடியில் இருந்தவர்கள் அதை மறவாமற் கடைப்பிடித்தும் வந்தனர். அன்று மெஷின்காரரே அருகில் நின்றமையால், அவர் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்று ஒருவரும் தடுக்கவில்லை.

மெஷின்காரர் கருவியைச் சோதிக்கத் தொடங்கினார். குழாயின் முனையில் ரப்பர்ப் பை ஒன்றை மாட்டினார். நுரையீரலுக்குப் பதிலாகச் சோதனைக்கென்றே வைத்திருக்கும் பை அது. அது விரிந்தது, சுருங்கியது, மீண்டும் விரிந்தது. காற்றின் அளவு, அழுத்தம், அடைப்பான்கள், மின்கலம் என ஒவ்வொன்றையும் பார்த்தார். குறையென்று சொல்ல யாதொன்றுமில்லை. மறுநாளும் பார்த்தார். அப்போதும் இல்லை. குறையொன்று அகப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்போலும். இப்போது நன்றாக ஓடுகிறது என்பதால் அப்போதும் நன்றாக ஓடியது என்று ஆகிவிடாது என்பதை அத்தொழிலில் இருப்பவர் யாவரும் அறிவர். முரண்டுபிடித்து நின்ற கருவி, பழுதுபார்ப்பவர் வந்து தொட்டதும் ஒன்றும் அறியாததுபோல் ஓடுவது அங்கே நாள்தோறும் நடப்பது.

மாடிக்குச் சென்று தலைமைச் செவிலியரிடம் கேட்டார்.

“என்ன குரல்ல கத்துச்சுன்னு கேட்டா நான் எங்கப்பா போவேன்? அந்த ரூம்ல எல்லாமேதான் நாள் பூரா கத்துது” என்றார் அவர். “அடுத்த கட்டில்ல மருந்து ஏத்திக்கிட்டு இருந்தேன். ஏதோ கத்துச்சு. ஒரே எட்டுல வந்தேன். முகம் நீலமாயிட்டு இருந்துச்சு. மெஷினைக் கழட்டிட்டுப் பையைப் போட்டேன். கல்லை அமுக்கற மாதிரி இருந்துச்சு. கல்லு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

செவிலியரின் கை அறிந்தது முடிவை. தொடக்கத்தை யார் அறிவார்? காற்றைத் தருவதைக் கருவி முதலில் நிறுத்திற்றா, காற்றை ஏற்பதை நுரையீரல் முதலில் நிறுத்திற்றா? மருத்துவர் நுரையீரலைச் சொல்லிவிட்டார்; அவருக்கு அதில் ஐயமில்லை. மெஷின்காரரை ஒருவரும் விசாரிக்கவில்லை, குறைசொல்லவும் இல்லை.

அக்கா ஒருத்தி மட்டும் கேட்டாள்.

வேலை முடிந்து ஒரு மாலை அவள் வீட்டுக்குச் சென்றிருந்தார். வாயிற்புறத்தில் அத்தானின் செருப்பு அப்படியே கிடந்தது. சாய்ந்து உறங்குவதற்காகத் தலையணையைக் கயிற்றால் கட்டியிருந்த நாற்காலியை அக்கா சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். தேநீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே தரையில் அமர்ந்தாள்.

“மெஷின் சரியா ஓடுச்சா?”

“டாக்டர் சொன்னாரே அக்கா…”

“டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவர் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வார். நீ சொல்லு.” புடைவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “நான் டீ குடிச்சிட்டு வரேன்னு எழுந்தப்போ உன் அத்தான் கையைத் தூக்கினார். மெஷினைக் காட்டினார். என்னவோ சொல்ல வந்தார், வாயிலதான் குழாய் இருக்கே. ‘மெஷின் பாத்துக்கும், நீ போ’ன்னு சொல்றார்னு நினைச்சு, சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போயிட்டேன். ஒருவேளை காத்து வரலைன்னு காட்டினாரோ? அது தெரிஞ்சா போதும்டா எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்.”

நன்றாகத்தான் ஓடிற்று என்ற சொல் அவர் நாவின் நுனிவரை வந்துவிட்டது. சோதித்துப் பார்த்தேன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. அக்கா மறுபேச்சின்றி நம்பிவிடுவாள். சிறுவயதில் பள்ளிக்கு அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற நாள்முதல், அவர் சொன்ன எதையும் அவள் இருமுறை கேட்டதில்லை.

“தெரியாதுக்கா” என்றார். “இப்ப நல்லா ஓடுது. அன்னிக்கு என்ன ஆச்சுன்னு அதுக்குள்ளதான் இருந்துச்சு. அணைச்சா அழிஞ்சுபோகும். நான் அணைச்சுட்டேன்.”

“அழிஞ்சுபோகும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அணைச்சே?”

“அது கத்திக்கிட்டே இருந்துச்சு. நீ வெளிய உக்காந்திருந்தே.”

அக்கா விரலில் சுற்றியிருந்த தலைப்பை விடுவித்தாள். “ஊருக்கெல்லாம் மெஷின் பாக்கறவன். என் வீட்டுக்காரருக்குன்னு வந்தப்போ துடைச்சு ஓரமா வச்சுட்டே” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? நம்பியிருப்பேனே.”

“நம்பிடுவேன்னுதான்க்கா சொல்ல முடியல.”

“டீ ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்பு.”

அதன்பின் அவள் தொலைபேசியில் அழைக்கவில்லை. அவர் அழைத்தபோது எடுக்கவுமில்லை. பணிமனை மூலையில் அக்கருவி உறை போர்த்தியபடி நின்றது. மேலிருந்து கேட்டனுப்பும்போதெல்லாம் மெஷின்காரர் வேறொன்றைத் தேடிச் சரிசெய்து அனுப்பினார்.

“அங்க மெஷின் இல்லாம தவிக்கறாங்க. இது இங்க போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கெட்டான்” என்று ரேடியோ இடித்துக் காட்டினார். “எல்லாம் சரியா இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்னய்யா?”

அவர் உறையை இழுத்துக் கருவியைச் சக்கரம்வரை மூடினார்.

ஒருநாள் முற்பகலில், சலவைப் பிரிவின் நீராவி படர்ந்த வழியாக அக்கா பணிமனைக்கு வந்து சேர்ந்தாள். தம்பியின் பணியிடத்தை அவள் அதற்குமுன் பார்த்ததேயில்லை. ரேடியோ எழுந்து நின்று, “வாங்கக்கா, வாங்க. ஐயோ, அதுல உக்காராதீங்க, தள்ளிவிட்டுரும்” என்று தம் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவள் அமரவில்லை.

“எது?”

தம்பி உறையை நீக்கினார். அவள் கருவியைத் தொடவில்லை; உறவு விட்டுப்போன ஒருவரைத் தெருவில் கண்டதுபோல் பார்த்தாள்.

“இதைக் கத்த வை.”

“அக்கா?”

“நீதானே அன்னிக்குப் பெருமையடிச்சே, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல்னு. நான் அந்தப் பெஞ்சிலதானே உக்காந்திருந்தேன். சிஸ்டருக்கு அங்க நூறு மெஷின். எனக்கு இது ஒண்ணுதான். கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு இதோட சத்தத்தை மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நேத்து அரிசி களையறப்போ திடீர்னு தோணுச்சு. முதல்ல கத்தினது இப்பவும் என் காதுலதான் இருக்கு. அது எதுன்னு சொல்ல எனக்குத் தெரியாது. கேட்டா தெரியும்.”

மெஷின்காரர் கருவியிடம் கேட்டார், செவிலியரிடம் கேட்டார், நாள் முழுவதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. “நான் ஓட்ட மாட்டேன். என் கை எனக்குச் சாதகமா எதையாவது பண்ணும்” என்று ரேடியோவிடம் சொன்னார். “நீ உள்ள இரு. குழாய் கழல்றது, மெஷினே நிக்கறது, காத்து போகாம அடைக்கறது, இந்த மூணு குறையையும் ஒண்ணொண்ணா பண்ணு. எதை முதல்ல பண்றேன்னு எனக்கும் சொல்லாதே. நாங்க கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கறோம்.”

நடைவழியில் அக்காவும் தம்பியும் அருகருகே நின்றனர். சலவைப் பொறிகளை ஒரு சுற்று நிறுத்திவைக்குமாறு ரேடியோ எப்படியோ கேட்டு வாங்கியிருந்தார். அடித்தளத்தில் அவ்வளவு அமைதியை அவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கதவுக்கு அப்பால் கருவி மூச்சுவிடத் தொடங்கியது. அக்கா கண்களை மூடிக்கொண்டாள். அந்த மூச்சு அவளுக்கு நன்கு பழகியது என்பது அவள் தோள்கள் ஏறி இறங்கியதிலேயே தெரிந்தது.

முதலில் இரண்டிரண்டாகக் கூவும் ஒலி எழுந்தது. குழாய் கழன்றுபோனால் எழுவது அது.

“இது வந்துச்சு. ஆனா அப்புறம்தான். எல்லாரும் ஓடினாங்களே, கதவு திறந்துச்சே, அப்போ.”

கூவல் நின்றது. மீண்டும் மூச்சு. அதன்பின், நடுவில் விடுதலே இல்லாத நீண்ட ஊளை ஒன்று கிளம்பிற்று. மெஷின்காரர் சுவரில் கையூன்றிக்கொண்டார். கருவியே செயலிழந்தாலன்றி அவ்வொலி வராது. அக்கா தலையைச் சாய்த்து, அது ஓய்ந்த பிறகும் செவிகொடுத்துக்கொண்டே நின்றாள்.

“இல்ல” என்றாள். “இதை நான் கேட்டதே இல்ல. ஒருநாள்கூட.”

மூன்றாவது ஒலி சடுதியில் வந்தது. குறுகிய, விரைந்த மூன்று துடிப்புகள், சற்றே நின்று மீண்டும் மூன்று.

அக்கா கண்களைத் திறந்தாள். “இதுதான். இதுதான் முதல்ல. நாலஞ்சு தடவை இது கத்துச்சு, அப்புறம்தான் அந்த ரெண்டு ரெண்டாக் கூவற சத்தம்.” அவள் முகம் கோணிற்று. “என்ன சொல்லுது இது?”

“காத்தைத் தள்ளறேன், உள்ள போகமாட்டேங்குதுன்னு சொல்லுது” என்றார் தம்பி. “மெஷின் நிக்கலைக்கா. அது குடுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. அத்தானோட நுரையீரலால வாங்க முடியல. அப்புறம் சிஸ்டர் கழட்டினதும்தான் அந்த இன்னொரு சத்தம்.”

கதவைத் திறந்துகொண்டு வந்த ரேடியோ, குழாயை நெரித்த விரல்களை இன்னும் மடக்கியபடியே, இருவர் முகங்களையும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பி எதிர்பார்த்த நிம்மதி அவள் முகத்தில் இல்லை.

“என் கையில டீ இருந்துச்சு” என்றாள். “இது கத்தினப்போ நான் டீ குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இருமினாக்கூடக் கத்தும்னு நீ சொன்னியேன்னு பேசாம இருந்துட்டேன். மிச்சத்தையும் குடிச்சு முடிச்சேன்டா.”

இதற்கு இதமான பொய்கள் பல உண்டு. அவர் எதையும் தேடவில்லை. அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“அப்படிச் சொன்னது நான். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்தச் சத்தம் கத்தினப்போ சிஸ்டர் அடுத்த கட்டில்ல இருந்தாங்க. ஒரே எட்டுல வந்துட்டாங்க. நீ டம்ளரைப் போட்டுட்டு ஓடியிருந்தாலும் அவங்களுக்கு அப்புறம்தான் போய்ச் சேந்திருப்பே. அது கூப்பிட்டது அவங்களை. அவங்க வந்தாங்க.”

அவள் அழுதாள். துக்க நாள்களில் பலர் நடுவே அழுததுபோலன்றி, வாயைத் திறந்து, குழந்தையைப்போல அழுதாள். நிறுத்திவைத்திருந்த சலவைப் பொறிகள் மீண்டும் சுழலத் தொடங்கி அவ்வொலியை மூடின.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போ கையைத் தூக்கி எதைக் காட்டினார்?” என்று கேட்டாள்.

“அதை இது சொல்லாதுக்கா. நான் அணைக்காம விட்டிருந்தாலும் சொல்லியிருக்காது.”

“உன்னைத்தான் காட்டியிருப்பார். மெஷினைப் பாத்தா உன் நினைப்புதானே வரும் அவருக்கு.” தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் அப்படியே வச்சுக்கறேன். நீ சரின்னும் சொல்ல வேணாம், இல்லைன்னும் சொல்ல வேணாம்” என்றாள்.

பணிமனைத் தொலைபேசி ஒலித்தது. ரேடியோ எடுத்துக் கேட்டு, பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டு, “மேல ஒரு அம்மாவுக்கு உடனே வேணுமாம். என்ன சொல்ல?” என்றார். மெஷின்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து, மேசைமேற் கிடந்த துணியை எடுத்து, கருவியின் முகப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

“இதுக்குன்னு கிருமி கொல்ற மருந்து இருக்குக்கா, சும்மா துடைக்கக் கூடாது” என்றார் தம்பி.

“அப்போ அதை எடு. என்ன பாத்துக்கிட்டு நிக்கறே?”

முறைப்படி துடைத்து, குழாய்களை மாற்றி, இறுதியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மூவரும் அதை மின்தூக்கிவரை தள்ளிச் சென்றனர். ரேடியோ அங்கே நின்றுவிட்டார். மேலே தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே அதே பெஞ்சு. அதில் நடுவயது மனிதர் ஒருவர் கைப்பையை மடியில் இறுக்கியபடி அமர்ந்திருந்தார். கருவியைக் கண்டதும் எழுந்தார்.

“எங்கம்மாவுக்குங்களா? நல்ல மெஷினுங்களா இது?”

‘இது சிங்கம்’ என்று வழக்கமாகச் சொல்லும் சொல் மெஷின்காரரின் நாவில் எழுந்து அடங்கியது.

“இன்னிக்குச் சோதிச்சுப் பாத்தோம். எல்லாம் சரியா இருக்கு” என்றார். “அப்பப்ப கத்தும். எதுக்குக் கத்துதுன்னு நீங்க யோசிக்க வேணாம். கத்தினா சிஸ்டர் வருவாங்க. வரலைன்னா, கதவைத் தட்டுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

அம்மனிதர் தலையசைத்தார். மெஷின்காரர் கருவியைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு அப்பால் சென்றார். அக்கா உள்ளே போகவில்லை. பெஞ்சின் மறுமுனையில் போய் அமர்ந்தாள். சற்று நேரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சு கேட்கத் தொடங்கிற்று.

“ஓட ஆரம்பிச்சிருச்சு” என்று அவள் அம்மனிதரிடம் சொன்னாள்.